புதுப்பிப்பு: வளாகம் பார்க்காமல் பொறியியல் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது (அக்டோபர் 2020)

2020-ல் கொரோனாவால் கல்லூரிகள் மூடியிருந்தபோது, நேரில் போகாமல் எப்படித் தேர்வு செய்வது என்று முன்பு எழுதியிருந்தேன். அந்த அக்டோபரில் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு நடந்ததால் சேர்த்த சில கூடுதல் குறிப்புகள் இவை.

கல்லூரியின் விளம்பரக் காணொளியைவிட, அது என்ஐஆர்எஃப் (மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசை) பட்டியலுக்குக் கொடுத்த தரவுத்தாளைப் பாருங்கள். பங்கேற்ற கல்லூரிகள் அதைத் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கும். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் (மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு. "95% பிளேஸ்மென்ட்" என்றால் எதில் 95% என்று கேளுங்கள். அரியர் இல்லாமல் வேலைவாய்ப்புக்குப் பதிவு செய்தவர்களை மட்டும் சில கல்லூரிகள் கணக்கில் எடுப்பார்கள். ஒருவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணுவதும் உண்டு.

அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளுக்கு வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியலில், 2020 சேர்க்கைக்கு 2019 நவம்பர்/டிசம்பர் தேர்வைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2020 ஏப்ரல்/மே தேர்வு பெரும்பாலானோருக்கு ரத்தானதால் அது ஒப்பீட்டுக்கு உதவாது. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துபவை. அவற்றின் விகிதத்தைப் பல்கலைக்கழகப் பட்டியலோடு ஒப்பிடாதீர்கள்.

தர மதிப்பீட்டு அமைப்புகள் இரண்டு உண்டு: நாக் (NAAC) மதிப்பீடு கல்லூரி முழுமைக்கும். என்பிஏ (NBA) அங்கீகாரம் தனித்தனிப் பாடப்பிரிவுக்கு. உங்கள் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த ஆண்டுவரை என்று பாருங்கள்.

விடுதி, பேருந்துக் கட்டணங்களை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிவிடுங்கள்.

கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளைப் பதியும்போது பெயரை நம்பாமல் கல்லூரியின் குறியீட்டு எண்ணைச் சரிபாருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. பிடித்ததை, கிடைக்காது என்று தோன்றினாலும், விருப்பப் பட்டியலில் மேலேயே வையுங்கள். அதனால் கீழே உள்ள விருப்பத்துக்கு எந்த இழப்பும் இல்லை.