இராமேசுவரத்தில் இரண்டு இரவு தங்கினால் கோயிலைத் தவிர எதையெல்லாம் பார்க்கலாம்?

கேள்வி (காரிமங்கலம்):
அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் வயதான என் தாயாரையும் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு காரில் இராமேசுவரம் செல்ல எண்ணியிருக்கிறோம். நம் பக்கத்திலிருந்து செல்பவர்கள் பெரும்பாலும் தீர்த்தமாடி, சுவாமி தரிசனம் முடித்து, அன்றே மதுரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் இரண்டு இரவு தங்கவிருப்பதால், அந்தத் தீவின் வரலாற்றைப் பிள்ளைகள் நேரில் உணரும்படி எங்கெங்கே செல்லலாம், அம்மாவுக்குச் சிரமமில்லாமல் எதை எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (பாலக்கோடு):
வணக்கம் ஐயா. ஒரு முழுக் காலைப்பொழுதைத் தனுஷ்கோடிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயலில் அந்த ஊரே அழிந்தது; பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் ஊரை நெருங்கும் நேரத்தில் அலையில் சிக்கி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்பு சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்கள் இங்கே கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொழும்புக்குப் போனார்கள் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்போதுதான் கூரையிழந்த தேவாலயமும் இடிந்த ரயில் நிலையமும் அவர்களுக்கு வெறும் புகைப்பட இடமாகத் தோன்றாது. தேவாலயச் சுவரை ஒட்டி நின்று பார்த்தால் பவளக் கற்களின் நுண்துளைகள் தெளிவாகத் தெரியும்.

அங்குள்ள மீனவக் குடும்பங்கள் குடிநீர் எடுக்கும் மணல் ஊற்றுகளையும் அவசியம் காட்டுங்கள். இருபுறமும் கடல் இருக்க, சில அடி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறுகிறது. மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்ததால் அதன் மேலேயே தங்கிவிடுகிறது. ஆழமாகத் தோண்டினால் உப்புதான் வரும். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டும் ஃபுளோரைடு கலந்த நீரைக் கண்டு வருந்தும் நம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்தே ஆக வேண்டும். 2017 முதல் தீவின் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருப்பதால் அம்மாவும் காரிலேயே வரலாம். முனையில் நீரோட்டம் கடுமையாக இருக்கும் என்பதால் யாரையும் கடலில் குளிக்க விடாதீர்கள். திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கம் சற்று நிறுத்துங்கள். குளிர்காலத்தில் அங்குள்ள ஆழமற்ற நீர்ப்பரப்பில் பூநாரைகள் வந்து மேயும்.

பதில் (தருமபுரி):
அம்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 22 தீர்த்தங்களிலும் நீராடும்போது கல்தரை முழுவதும் ஈரமாகி வழுக்கும். ஆகையால் அவரைத் தனியாக நடக்க விடாதீர்கள். ஈர உடையோடு சுவாமி சன்னதிக்குச் செல்ல முடியாது என்பதால் மாற்றுடை கையிலேயே இருக்கட்டும். தை அமாவாசையையொட்டிய நாட்களில் கூட்டம் நெரியும், அந்நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சேதுபதி மன்னர்கள் கட்டிய மூன்றாம் பிரகாரத்தை, தரிசனம் முடிந்த அவசரத்தில் கடந்துவிடாமல், மாலையில் தனியே ஒருமுறை நிதானமாகச் சுற்றிவாருங்கள்.

பதில் (கிருஷ்ணகிரி):
மேலே நண்பர் சொன்ன புயல், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தையும் சிதைத்தது, ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாட்களில் அதைச் சீரமைத்தார். பழைய பாலத்தில் கப்பலுக்கு வழிவிட, நடுவிலிருந்த இரு இறக்கைகளைத் தொழிலாளர்கள் கையால் இயக்கித் தூக்கினார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திலோ 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழுகிறது. சாலைப் பாலத்தின் மேல் காரை நிறுத்தாமல், பாம்பன் கரையில் இறங்கிப் பாருங்கள்.

அங்கிருந்து குந்துகால் அருகில்தான். மேலைநாடுகளிலிருந்து இலங்கை வழியாகத் திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் கரையிறங்கிய இடம் அது. பேய்க்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவிடமும் பாம்பனிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையிலேயே இருப்பதால், ஊருக்குள் நுழையும் நாளிலேயே இந்த மூன்றையும் முடித்துவிடலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முதல் நாள் பாம்பன், குந்துகால், பேய்க்கரும்பு. மறுநாள் விடியலில் தனுஷ்கோடி, மாலையில் பிரகாரம். தீர்த்தமும் தரிசனமும் கடைசி நாள் அதிகாலையில் என்று திட்டமிட்டுக்கொள்கிறோம்.