ஆகஸ்ட் இறுதியில் ஐஸ்லாந்து: எட்டு நாள்களில் தீவைச் சுற்றிவர இயலுமா?

கேள்வி

வணக்கம். வரும் ஆகஸ்ட் 24 முதல் 31 வரை நானும் என் மனைவியும், எழுபது வயதை நெருங்கும் என் தாயாரும் ஐஸ்லாந்து செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். கோடை முடியும் வேளையில் கூட்டம் சற்றுக் குறைந்திருக்கும் என்பதால் இந்த நாள்களைத் தேர்ந்தெடுத்தோம். தீவைச் சுற்றிச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலையில் வாடகைக் காரில் முழுச் சுற்று வர வேண்டும், பஃபின் என்னும் கடற்பறவைகளைப் பார்க்க வேண்டும், லாண்ட்மன்னாலாய்கர் மலைப்பகுதிக்கும் போக வேண்டும், வாய்த்தால் இரவு வானில் ஒளிரும் துருவ ஒளியையும் காண வேண்டும் என்பது எங்கள் ஆசை. இவ்வளவும் எட்டு நாள்களுக்குள் அடங்குமா? சாதாரணக் கார் போதுமா? சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1

ஆகஸ்ட் இறுதியில் இருமுறை அங்கே சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: முழுச் சுற்றைக் கைவிடுங்கள். அந்தச் சாலையின் நீளம் 1,300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வந்திறங்கும் நாளையும் புறப்படும் நாளையும் கழித்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஆறு நாள்கள். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர். கணக்கில் இது எளிதாகத் தோன்றினாலும், தார்ச்சாலையில் மணிக்கு 90, சரளைச் சாலையில் 80 என்ற வேக வரம்பும், எதிரில் வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டிய ஒற்றைவழிப் பாலங்களும், காற்றும் மழையும் சேரும்போது பகற்பொழுதெல்லாம் காரிலேயே கழிந்துவிடும். முதல் பயணத்தில் நாங்கள் அப்படித்தான் சுற்றினோம். கிழக்குக் கரையை மூடுபனிக்குள் கடந்ததும், ஒவ்வொரு காலையும் பெட்டி கட்டியதுமே இன்று நினைவில் நிற்கின்றன.

இரண்டாம் முறை தென்கரையோடு நிறுத்திக்கொண்டோம். தலைநகர் ரெய்க்யாவிக்கிலிருந்து சுமார் 370 கிலோமீட்டர் தொலைவிலுள்ள யோகுல்சார்லோன் ஏரிக்கு அருகே மூன்று இரவுகள் தங்கினோம். வாட்னயோகுல் பனிப்படலத்திலிருந்து உடைந்து விழும் பனிப்பாறைகள் அந்த ஏரியில் மிதந்து, குறுகிய கால்வாய் வழியே கடலை அடைந்து, அலையால் கரிய மணலில் ஒதுக்கப்படுகின்றன. காலையில் பார்த்த பாறை மாலையில் இருப்பதில்லை. ஒரே இடத்துக்கு மூன்று நாள் போயும் எங்களுக்கு அலுக்கவில்லை. வழியில் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ், ஸ்கோகாஃபோஸ் அருவிகள் நெடுஞ்சாலைக்கு அருகிலேயே இருப்பதால் உங்கள் தாயாருக்கும் சிரமம் இராது.

பஃபின்களைப் பொறுத்தவரை, பெரும்பாலானவை ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்தே கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆனால் தென்கரையிலிருந்து படகில் செல்லக்கூடிய ஹெய்மாய் தீவில், ஊர் விளக்குகளால் திசைமாறி வீதிகளில் வந்து விழும் பஃபின் குஞ்சுகளைச் சிறுவர்கள் இரவில் தேடியெடுத்து, பகலில் கடலோரத்தில் பறக்கவிடும் வழக்கம் இருக்கிறது. அதன் பருவம் ஏறத்தாழ உங்கள் நாள்களோடு பொருந்துகிறது.

லாண்ட்மன்னாலாய்கர் செல்லும் 'எஃப்' எண்ணிட்ட மலைச்சாலைகளில் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு. ஆற்றைக் கடக்கையில் நேரும் சேதத்தை வாடகைக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. கோடையில் ரெய்க்யாவிக்கிலிருந்து ஓடும் மலைப்பேருந்தில் ஒரு நாள் சென்று திரும்புவதே நல்லது. மற்ற நாள்களுக்குச் சாதாரணக் கார் போதும்.

மறுமொழி 2

முன்னவர் கூறியதை ஏற்கிறேன். துருவ ஒளியைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். அங்கே கோடை வானம் இருளாது. ஆகஸ்ட் பிற்பகுதியில்தான் மெய்யான இரவு திரும்புகிறது. உங்கள் நாள்களில் சூரியன் இரவு ஒன்பது மணியளவில் மறைந்தாலும், அந்தியொளி நீடிப்பதால் பதினொரு மணிக்குப் பிறகே பார்க்க முயல வேண்டும். நிலவொளியைவிட மேகமே பெரிய தடை. ஐஸ்லாந்து வானிலை மையம் வெளியிடும் மேக வரைபடத்தில் தெளிந்த பகுதியைக் கண்டு அங்கே செல்லுங்கள். பயணத்தைப் பத்து நாள் தள்ளிவைக்க முடியுமானால் அவசியம் செய்யுங்கள். அந்தப் பருவத்தில் பகல் நாளுக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் சுருங்குவதால், இரவு ஒரு மணி நேரத்துக்கும் அதிகமாக நீளும். மலையில் மேய்ந்த ஆடுகளைத் திரட்டிக் கொண்டுவரும் செப்டம்பர் நிகழ்வையும் காணலாம்.

மறுமொழி 3

குளிரைவிடக் காற்றுக்கே ஆயத்தமாகுங்கள். பகலில் வெப்பநிலை 10 முதல் 13 டிகிரி வரை இருந்தாலும், ஈரக் காற்றில் பருத்தி உடை பயன்படாது. கம்பளி உள்ளாடையும் காற்றும் மழையும் புகாத மேலங்கியும் வேண்டும். கார்க் கதவைக் கையால் இறுகப் பிடித்தபடியே திறக்கும்படி தாயாரிடம் சொல்லிவையுங்கள். காற்று கதவை மடக்கி உடைத்தால் அந்தச் செலவு பெரும்பாலும் உங்களுடையதே. பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்பது அங்குச் சட்டம்.

விக் ஊருக்கு அருகிலுள்ள ரெய்னிஸ்ஃபியாரா கடற்கரையில் அமைதியாகத் தெரியும் கடலிலிருந்து திடீரென நெடுந்தொலைவு ஏறிவரும் அலைகள் உயிர்களைப் பறித்திருக்கின்றன. தண்ணீருக்கு முதுகு காட்டாதீர்கள். எச்சரிக்கை விளக்கு சிவப்பாக இருந்தால் கீழே இறங்கவே வேண்டாம்.

தாயாருக்காக ஒன்று: சிற்றூர்களில்கூட நிலவெப்பத்தால் சூடாக்கப்பட்ட பொது நீச்சல்குளங்கள் உண்டு. நாள் முழுதும் காரில் அமர்ந்த முதுகுக்கு அந்த வெந்நீர்த் தொட்டி மிகுந்த இதம் தரும். இறங்கும் முன் ஆடையின்றிச் சோப்பிட்டுக் குளிக்க வேண்டும் என்ற விதியை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.