லினக்ஸுக்கு லேப்டாப்: செயலி, ரேம் தவிர வேறு எதைப் பார்த்து வாங்குவது?

நிரலி கேட்டது:
வணக்கம். டெபியன் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) மட்டும் போட்டுப் பயன்படுத்த 14 அங்குல லேப்டாப் தேடுகிறேன். பைதான், இரண்டு மூன்று டாக்கர் கண்டெய்னர் (தனித்தனிப் பொதியாக ஓடும் நிரல்கள்), வீடியோ மீட்டிங், இவ்வளவுதான் வேலை. கேம் கிடையாது. மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்: இன்டெல் செயலியோடு என்விடியா கார்டு உள்ளது, தனி கார்டு இல்லாத ஏஎம்டி ரைசன், பேட்டரிக்காக ஸ்னாப்டிராகன் எக்ஸ். வைஃபை, மூடித் திறந்தால் எழுவது, கேமரா மூன்றும் தகராறு செய்யக்கூடாது. விவரக்குறிப்பில் எதைத் தேட வேண்டும்?

கர்னல்கிளி:
ஸ்னாப்டிராகனை இப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அது ஆர்ம் வகைச் செயலி. ஆர்ம் லேப்டாப்பில் ஒவ்வொரு மாடலுக்கும் தனி டிவைஸ் ட்ரீ கோப்பு (எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்வது) வேண்டும். அது இல்லாத மாடலில் டெபியன் பூட்கூட ஆகாது. இருந்தாலும் ஒலி, கேமரா, தூக்கம் என்று ஏதாவது ஒன்று நிலுவையில் நிற்கும். வேலைக்கு நம்பி வாங்கும் இயந்திரமாக அதைச் சொல்ல மாட்டேன்.

என்விடியா ஓடாது என்றில்லை. உங்கள் வேலைக்கு அது தேவையில்லை, பராமரிப்புதான் மிச்சம். அதன் டிரைவர் கர்னலுக்கு (லினக்ஸின் மையப்பகுதி) வெளியே இருப்பதால், கர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கர்னல் ஹெடர் தொகுப்பு நிறுவாமல் விட்டால் கம்பைல் ஆகாது, அடுத்த பூட்டில் அந்தக் கார்டு வேலை செய்யாது. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் அமைவு) போட்டிருந்தால் அந்த டிரைவருக்குக் கையொப்பமிடும் சாவியையும் நீங்களே பதிய வேண்டும். இன்னொன்று: பல மாடல்களில் எச்டிஎம்ஐ துளை என்விடியா சிப்போடு நேரடியாக இணைந்திருக்கும். வெளித்திரை செருகினால் அந்தச் சிப் விழித்தே இருக்கும். சூடும் மின்விசிறிச் சத்தமும் கூடும்.

ஆக ரைசன். அதன் கிராஃபிக்ஸுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஏற்றும் மென்பொருள்) தொகுப்பு மட்டும் வேண்டும். டெபியன் 12 முதல் நிறுவல் நிரலே அதைப் போட்டுக்கொள்கிறது.

மாடல் பெயரை நம்பாதீர்கள் என்பதைத்தான் அழுத்திச் சொல்வேன். ஒரே பெயரில் விற்கும் இரண்டு லேப்டாப்பில் வைஃபை சிப் வேறு வேறாக இருப்பது சர்வ சாதாரணம். பார்ட் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடி, எந்தச் சிப் என்று உறுதிசெய்த பிறகு வாங்குங்கள்.

தூக்கணாங்குருவி:
கர்னல்கிளி சொன்னது எல்லாம் சரி. தூங்கி எழுவதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முன்பு எஸ்3 என்ற தூக்கநிலை இருந்தது. ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும். புதிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் அது கிடையாது. அதற்குப் பதில் எஸ்2ஐடில்: செயலி ஓய்வில் கிடக்கும், மற்ற ஒவ்வொரு பாகமும் தானாக அடங்க வேண்டும். ஒரே ஒரு எஸ்எஸ்டியோ வைஃபை அட்டையோ அடங்காமல் போனால் போதும், திரை அணைந்திருக்கும், பேட்டரி உள்ளே கரைந்துகொண்டே இருக்கும். பையில் வைத்த லேப்டாப் சூடாக இருக்கிறது என்ற புகாருக்கு முக்கியக் காரணம் இதுதான்.

வாங்குமுன்போ, திருப்பித் தரும் காலக்கெடுவுக்குள்ளோ, இதைச் செய்யுங்கள். டெபியன் லைவ் படிமத்தை (நிறுவாமலே ஓடும் பதிப்பு) யுஎஸ்பியில் எழுதி பூட் செய்யுங்கள். வட்டில் எதுவும் மாறாது. சார்ஜரைக் கழற்றி, பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, சஸ்பெண்ட் கொடுத்து ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். 1 சதவீதத்துக்குள் குறைந்தால் நல்லது. 4, 5 குறைந்தால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவில்லை என்று பொருள். எழுப்பிய பிறகு /sys/power/suspend_stats கோப்புறையில் last_hw_sleep கோப்பைத் திறந்து பாருங்கள். வன்பொருள் உண்மையில் தூங்கிய நேரம் மைக்ரோ நொடியில் இருக்கும். பூஜ்ஜியம் என்றால் தூங்கவே இல்லை. அப்போது பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பித்து மறுபடி சோதியுங்கள். பல நேரம் பிழை அங்கேதான்.

அதனால் எல்விஎஃப்எஸ் (லினக்ஸுக்கு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வழங்கும் சேவை) வழியாக பயாஸ் புதுப்பிப்பு தரும் தயாரிப்பு வரிசையாகப் பார்த்து வாங்குவது நல்லது. திங்க்பேட், லாட்டிட்யூட், ஃப்ரேம்வொர்க் வரிசைகளில் பல மாடல்களுக்குக் கிடைக்கிறது. லினக்ஸில் உள்ள fwupd கருவியே இறக்கிப் போட்டுவிடும், விண்டோஸ் தேவைப்படாது.

ஒலிவாங்கி:
கேமரா பற்றி யாரும் சொல்லவில்லை. யுஎஸ்பி வழி இணைந்த கேமரா என்றால் கவலையில்லை, கர்னலில் உள்ள பொதுவான யுவிசி கேமரா டிரைவர் பார்த்துக்கொள்ளும். லைவில் lsusb கட்டளை கொடுத்தால் பட்டியலில் கேமரா தெரியும். சில மெல்லிய இன்டெல் லேப்டாப்புகளில் யுஎஸ்பிக்குப் பதில் இன்டெல்லின் ஐபியு6 என்ற படச் செயலாக்கப் பகுதி வழியாக இணைந்த மிப்பி கேமரா இருக்கும். அது பட்டியலில் வராது. அதற்கான அடிப்படை டிரைவர் கர்னல் 6.10இல்தான் சேர்ந்தது, படத்தைச் சீராக்கும் வேலையை லிப்கேமரா என்ற மென்பொருள் செய்ய வேண்டும். மீட்டிங்கே வேலை என்பவர் அதைத் தவிர்க்கலாம்.

ஸ்பீக்கரையும் மைக்கையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஹெட்ஃபோனில் கேட்கும், ஸ்பீக்கரில் மட்டும் ஒலி வராது என்றால் தனி ஆம்ப்ளிஃபயர் சிப்பின் அமைவு அந்த மாடலுக்குக் கர்னலில் இல்லை என்று கொள்ளலாம். கைரேகை உணரி வேண்டுமென்றால் அதன் யுஎஸ்பி அடையாள எண்ணை லினக்ஸின் கைரேகை மென்பொருளான லிப்எஃப்பிரிண்ட் ஆதரிக்கும் உணரிகளின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாததை மறந்துவிடலாம்.

நிரலி:
மிக்க நன்றி. ரைசன் மாடலைத் தேடிப் பார்த்தேன்: வைஃபை ரியல்டெக் 8852பிஇ, ரேம் எல்பிடிடிஆர்5. டெபியன் 12 போட்டால் சரியாக வருமா?

கர்னல்கிளி:
12இல் அப்படியே வராது. அந்தச் சிப்புக்கான டிரைவர் கர்னல் 6.2இல் சேர்ந்தது, டெபியன் 12 வருவது 6.1உடன். பேக்போர்ட்ஸ் கர்னல் (பழைய பதிப்புக்காகத் தரப்படும் புதிய கர்னல்) போடலாம், ஆனால் அதை இறக்கவே இணையம் வேண்டும். ஃபோனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் செய்தால் (ஃபோனின் இணையத்தைப் பகிர்ந்தால்) முடியும். இதற்குப் பதில் டெபியன் 13 போடுங்கள். கர்னல் 6.12, இந்தச் சிக்கலே எழாது.

அப்போதும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் அட்டையை மாற்றலாம். முதலில் அது கழற்றக்கூடிய எம்.2 2230 அட்டையா, போர்டில் சால்டர் செய்ததா என்று சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். கழற்ற முடிந்தால் இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்குங்கள். ஏஎக்ஸ்211 வேண்டாம்: பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் அதன் பாதி வேலையை இன்டெல் செயலிதான் செய்கிறது, ரைசனில் ஓடாது. ஆன்டெனா முனைகள் இரண்டும் மிகச் சிறியவை. சாய்வாக அழுத்தினால் வளைந்துவிடும், நேராக வைத்து அழுத்துங்கள்.

எல்பிடிடிஆர்5 பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் செய்திருக்கும், பின்னால் கூட்ட முடியாது. டாக்கர் ஓட்டுவதால் 16ஐ விட்டு 32 ஜிபியாக எடுங்கள்.

தூக்கணாங்குருவி:
ஒன்று விட்டுப்போனது. விண்டோஸோடு வருகிறது என்றால், அதை அழிக்குமுன் அதிலிருந்தே பயாஸை ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள். கொஞ்ச நாள் விண்டோஸையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், செக்யூர் பூட்டைத் தொடுமுன் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புச் சாவியை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த பூட்டில் அது சாவி கேட்டு நிற்கும்.