மருந்து விலைக் கருவி: என் லேப்டாப்பில் சரி, நண்பர் கோப்பில் நூறு மடங்கு. உதவுங்களேன்

கடலோரன் (டர்பன், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். சேட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நாலு பேர் கூடி, கைக்காசு போட்டு ஒரு சின்னக் கருவி செய்கிறோம். மருந்தின் பெயரைத் தட்டினால் அரசுப் பட்டியலில் உள்ள விலையும், அதே மூலப்பொருள் உள்ள மலிவான ஜெனரிக்குகளும் வரவேண்டும். சுகாதாரத் துறை வெளியிடும் எக்செல் கோப்பைத் திறந்து, சிஎஸ்வியாக (வெறும் எழுத்தாக உள்ள அட்டவணைக் கோப்பாக) சேமித்து, பைத்தானில் பாண்டாஸ் என்ற அட்டவணை படிக்கும் நிரல்தொகுப்பை வைத்துப் படிக்கிறோம்.

போன வாரம் நண்பர் தன் லேப்டாப்பில் சேமித்துத் தந்த கோப்பைப் போட்டேன். ரத்த அழுத்த மாத்திரை ஒன்றுக்கு 8740 ரேண்ட் என்று வந்தது. பக்கத்தில் இருந்த ஆயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எல்லாமே சரியாக நூறு மடங்கு. ஆயிரம் ரேண்டுக்கு மேல் உள்ள மருந்துகளோ பட்டியலிலேயே இல்லை.

(நண்பர் கோப்பில் பத்திகளைப் பிரிப்பது அரைப்புள்ளி. அதை மட்டும் மாற்றிக்கொண்டேன்.) காற்புள்ளிகளை நீக்கிவிட்டு எண்ணாக மாற்றுகிறேன், மாறாதவை வெற்றாகும், விலை வெற்றாக உள்ள வரிகளைத் தள்ளிவிடுகிறேன். எங்கே தப்பு?

அரைத்தூக்கம்:
விடையை நீங்களே அடைப்புக்குள் போட்டுவிட்டீர்கள். உங்கள் விண்டோஸில் வட்டார அமைப்பு இந்தியா, அவருடையது தென்னாப்பிரிக்கா. சரிதானே? இங்கே தசமத்துக்குக் காற்புள்ளிதான். காற்புள்ளி அதற்குப் போய்விட்டதால் எக்செல் பத்திகளை அரைப்புள்ளியால் பிரிக்கிறது. 87,40 என்பதில் நீங்கள் காற்புள்ளியைத் தூக்கினால் 8740 ஆகாமல் என்ன ஆகும்?

ஆயிரத்துக்கு மேல் காணாமல் போவதற்குக் காரணம் வேறு. 1 234,56 என்பதில் நடுவே இருப்பது ஸ்பேஸ் பாரில் வருகிற இடைவெளி அல்ல. எண் இரண்டு வரியாக உடையாமலிருக்கப் போடும் இடைவெளி, யூனிகோடில் 00ஏ0. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எண்ணாக மாறாமல் வெற்றாகி, நீங்களே தள்ளிவிட்டீர்கள்.

சிஎஸ்வியே வேண்டாம். எக்செல் கோப்பைப் பாண்டாஸிலேயே நேராகப் படியுங்கள். உள்ளே எண் எண்ணாகத்தான் இருக்கும். காற்புள்ளி, இடைவெளி எல்லாம் திரையில் போடும் வேஷம்.

கடலோரன்:
அட, ஆமாம்! நேராகப் படித்தேன், 87.4 வந்துவிட்டது. காணாமல் போனவையும் திரும்பிவிட்டன. நன்றி அண்ணா.

மருந்துக்கடை அக்கா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
தம்பி, ஒரு நிமிஷம். விலை வெற்றாக உள்ள வரிகளைத் தள்ளும் அந்த வேலை இன்னும் இருக்கிறதா? அந்தக் கோப்பில் கூட்டு மாத்திரைக்கு ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் ஒரு வரி இருக்கும். விலை முதல் வரியில் மட்டும். லோசார்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற இரண்டு ரத்த அழுத்த மருந்துகள் சேர்ந்த மாத்திரையில் இரண்டாவது வரியைத் தள்ளினால், உங்கள் கருவிக்கு அது வெறும் லோசார்டான். அதற்கு மலிவான ஜெனரிக் என்று வேறு மருந்தைக் காட்டும். நூறு மடங்கு விலையைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். இதை நம்பிவிடுவார்கள்.

மூலப்பொருள் எல்லாம், அளவு, வடிவம் மூன்றும் ஒத்தால் மட்டும் இணையாகக் காட்டுங்கள்.

இன்னொன்று. பட்டியலில் இருப்பது 2004 முதல் நடைமுறையில் உள்ள சிங்கிள் எக்சிட் பிரைஸ், அதாவது தயாரிப்பாளர் எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்கவேண்டிய விலை. கவுன்டரில் அதன் மேல் மருந்து வழங்கும் கட்டணமும், அந்தக் கட்டணத்துக்கு 15 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் (வாட்) சேரலாம். அதைச் சொல்லாமல் விட்டால் ஆயாமார் வந்து எங்களோடுதான் சண்டை போடுவார்கள்.

அரைத்தூக்கம்:
அக்கா சொன்னது என் கண்ணில் படவில்லை. கேப்டவுனில் கோட் ஃபார் சவுத் ஆப்பிரிக்கா (இப்போது ஓப்பன்அப்) என்ற அமைப்பினர் இதே பட்டியலை வைத்து முன்பே ஒரு கருவி செய்தார்கள். மூலநிரல் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்தில் திறந்தே கிடக்கிறது. கூட்டு மருந்தை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். புதிதாகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கடலோரன்:
பார்த்தேன். இப்போது தள்ளுவதில்லை, மருந்துப் பெயர் இல்லாமல் மூலப்பொருள் மட்டும் உள்ள வரியை மேலே உள்ள மருந்தோடு ஒட்டிவிடுகிறேன். லோசார்டான் பக்கத்தில் கூட்டு மாத்திரைகள் வருவது நின்றது. விலைக்குக் கீழே "கட்டணம் தனி" என்றும் போட்டாயிற்று. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று ஆயா இப்போதே சொல்லிவிட்டார்.