ஆல் சீசன் டயரா, சாதா டயரா? திருகோணமலை ஓட்டத்துக்கு எது?

நாலாம்கட்டைக்காரன்:
என்னிடம் இருப்பது 2014 அக்சியோ கார். டயர் அளவு 175/65 ஆர் 15. நான்கையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தினமும் நாலாம் கட்டையிலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். மாதத்துக்கு ஒரு தடவை கந்தளாய், ஹபரணை வழியாகக் கண்டிப் பயணம். கனடாவில் இருக்கும் மைத்துனர் "ஆல் சீசன் போடு, வெயிலுக்கும் மழைக்கும் ஒரே டயர்" என்று போனில் ஒரே பிடியாக நிற்கிறார். டயர் கடைக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். அவரிடம் இருப்பதெல்லாம் சாதா டயர், அதனால் அவர் சிரிப்பையும் முழுதாக நம்ப முடியவில்லை. மாரி தொடங்க இன்னும் ஒரு மாதம்தான். எதைப் போடலாம்?

உப்புவெளி ரிட்டர்ன்:
மைத்துனர் சொன்னதைக் கேளுங்கள் தம்பி. நான் 19 வருடம் கனடாவில் ஓட்டிவிட்டு இங்கே வந்து இருப்பவன். ஆல் சீசனில் தவாளிப்பு, அதாவது டயரில் வெட்டிய வாய்க்கால், ஆழம், ரப்பர் சீக்கிரம் தேயாது, தண்ணீரைப் பிரித்துத் தள்ளும். நமக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். நிலாவெளி வீதியில் ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் தேங்கிய தண்ணீர். அங்கே போய் கோடை டயர் என்று பெயர் எழுதிய ஒன்றை யாராவது போடுவார்களா?

கிண்ணியா நானா:
தம்பி, நானும் டயர் கடை வைத்திருப்பவன். இவனும் விற்கத்தான் பார்ப்பான் என்று நினைத்துக்கொண்டே வாசியுங்கள்.

ஆல் சீசனில் இருக்கும் சீசன் நம்முடைய சீசன் கிடையாது. அவர்கள் சொல்லும் நான்கில் ஒன்று பனி கொட்டும் காலம். நமக்கு இருப்பது கச்சான் காற்று வீசும் வெயில் காலமும் மாரியும். சூடான ரோட்டிலும் சூடான மழையிலும் பிடிக்கிற மாதிரி செய்த ரப்பரைத்தான் அவர்கள் கோடை டயர் என்கிறார்கள். நம் கடைகளில் அதற்குத் தனிப் பெயர் எதுவும் இல்லை, வெறும் டயர். குளிர் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் அந்த ரப்பர் விறைத்துவிடும், அதுதான் அதன் குறை. திருகோணமலையில் 7 பாகையை யார் கண்டது? குளிர்சாதனப் பெட்டிக்குள் பார்த்திருப்பீர்கள்.

பனிக்கென்று செய்த ரப்பர் இங்கே என்ன பாடுபடும் என்று ஒரு கதை சொல்கிறேன். போன வருடம் மே மாதம் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த வேகன் ஆர் ஒன்றைக் கடைக்குக் கொண்டு வந்தார். வரும்போதே ஸ்டட்லெஸ் என்ற பனி டயரோடு வந்திருக்கிறது. நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுந்தது. ரப்பர்க் கட்டை ஒவ்வொன்றிலும் பிளேடால் கீறியது போல நெளிநெளியாகக் கோடுகள். கழற்றச் சொன்னேன். புது டயர் போல இருக்கிறதே, ஏன் கழற்ற வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். செப்டெம்பரில் திரும்பி வந்தார். கட்டைகளின் ஓரமெல்லாம் பிள்ளைகள் பாவித்த அழிறப்பர் போல உருண்டு போயிருந்தது. உள்ளங்கையால் தடவினால் ஒரு பக்கம் வழவழப்பு, திருப்பித் தடவினால் வாள் பல். சத்தம் பற்றிக் கேட்க வேண்டாம், கிண்ணியாப் பாலத்தில் வரும்போதே எனக்குக் கடையில் கேட்டது என்று சொன்னால் பொய்தான், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

உப்புவெளி ரிட்டர்ன்:
நானா, கதை நல்ல கதை, வழக்குத்தான் வேறு. ஸ்டட்லெஸ் என்பது முழுப் பனி டயர். நான் பேசுவது ஆல் சீசன். மாம்பழம் புளிக்கிறது என்பதற்கு மாங்காயைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறீர்கள்.

இன்னொன்று. ஆல் சீசனிலேயே இரண்டு சாதி உண்டு. பக்கச் சுவரில் எம்+எஸ் என்று மட்டும் எழுதியது ஒன்று. சேற்றுக்கும் பனிக்கும் என்று கம்பனி தானே போட்டுக்கொள்ளும் எழுத்து அது, சோதனை எதுவும் தேவையில்லை. மூன்று முகட்டு மலைக்குள் பனித்துகள் சின்னம் போட்டது மற்றது, அதற்குப் பனியில் ஓட்டிச் சோதிக்க வேண்டும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் சட்டம். அங்கே வெறும் எம்+எஸ் செல்லாது. அப்படியானால் அந்த எம்+எஸ் வகை பனிக்குப் பெரிதாக வளைந்து கொடுக்காத டயர் என்றுதானே அர்த்தம்? வெயிலுக்கு அது ஏன் ஆகாது?

கிண்ணியா நானா:
சரி, ஸ்டட்லெஸ்ஸை இழுத்தது என் பிழை. அந்த இரண்டு சாதி விஷயமும் சரிதான். ஆனால் அந்தக் கீறல் கோடுகள் ஆல் சீசனிலும் இருக்கின்றன, சற்றுக் குறைவாக. கீறல் கூடினால் கட்டை ஆடும். கட்டை ஆடினால் சூடான ரோட்டில் பிரேக் தூரம் கூடும். நல்ல கோடை டயரையும் ஆல் சீசனையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்தினால், ஈரமோ காய்ந்த ரோட்டோ, பொதுவாக முதலில் நிற்பது கோடை டயர். தம்பி மாதாமாதம் போகும் வழி எது? கந்தளாய் தாண்டி ஹபரணைக் காடு. பொழுது படும் நேரம் ஆனை ரோட்டில் நிற்கும். கடைசி இரண்டு மீற்றருக்கு அங்கே என்ன விலை என்று நீங்களே சொல்லுங்கள்.

உப்புவெளி ரிட்டர்ன்:
ஆனை நிற்கும் காட்டில் எண்பதில் போகிறவனுக்கு எந்த டயரும் உதவாது.

கந்தளாய் டீச்சர்:
இரண்டு பேரும் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை பிடிக்கிறீர்கள். நான் பௌதிகவியல் படிப்பிப்பவள், கார் பற்றிப் பெரிதாகத் தெரியாது, தண்ணீர் பற்றித் தெரியும்.

தவாளிப்பின் வேலை தண்ணீர் ஓட வழி விடுவது. அது விழுங்க முடியாத அளவுக்குத் தண்ணீர் வந்தால் டயர் ரோட்டை விட்டுத் தண்ணீர் மேல் ஏறிவிடும், ஸ்டியரிங் சும்மா சுற்றும். அது எந்த வேகத்தில் நடக்கும் என்பதற்கு விமான டயர்களை வைத்துக் கண்ட ஒரு எளிய கணக்கு இருக்கிறது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்க வேண்டும், அழுத்தம் பி.எஸ்.ஐ. இல், விடை நொட்டில், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல் என்று. அதைக் கிலோமீற்றருக்கு மாற்றிச் சொல்கிறேன். 32 பி.எஸ்.ஐ. என்றால் மணிக்கு ஏறத்தாழ 94 கிலோமீற்றர். காற்று இறங்கி 25 ஆக இருந்தால் 83. ஒரு பெற்றோல் செட்டில் காற்று பார்க்காமல் விட்டதற்கே 11 கிலோமீற்றர் போய்விட்டது.

உப்புவெளி ரிட்டர்ன்:
டீச்சர், உங்கள் கணக்கில் தவாளிப்பே இல்லையே! ஆழமான தவாளிப்புக்கு மதிப்பெண் எங்கே?

கந்தளாய் டீச்சர்:
நல்ல கேள்வி அண்ணா. தண்ணீர் தவாளிப்பை மீறிய பிறகுதான் அந்தக் கணக்கு. மீறும் வரைக்கும் ஆழம்தான் காப்பாற்றும். அதனால்தான் சொல்கிறேன், புது ஆல் சீசனோ புது சாதா டயரோ, ஒக்டோபரில் இரண்டும் தப்பிவிடும். தேய்ந்து 1.6 மில்லிமீற்றர் அடையாள மேட்டைத் தொட்டுவிட்டால் இரண்டும் ஒன்றுதான். அதுவரை காத்திருக்காமல், மூன்று மில்லிமீற்றரிலேயே மாரிக்கு முன் மாற்றுவது என் பழக்கம். என் கணவர் அதை வீண் செலவு என்பார். அது வேறு விவாதம்.

நுவரெலியா போவீர்களா? 1,800 மீற்றருக்கு மேலே, ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் சில நாள் புல்லில் உறைபனி கூடப் பிடிக்கும். நானாவின் 7 பாகை இந்த நாட்டில் இருப்பது அங்கேதான். வருடத்துக்கு இரண்டு விடியற்காலைக்காக நான்கு டயரையும் தெரிவு செய்வதென்றால் அது உங்கள் காசு.

கிண்ணியா நானா:
டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எது வாங்கினாலும் பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமை. சில டயர்களில் அது உள்பக்கம் திரும்பி இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பாருங்கள். இங்கே யாரும் அதிகம் கேட்காத ஆல் சீசன் கடையில் எத்தனை வருடம் வெயில் காய்ந்ததோ யாருக்குத் தெரியும். வேகமாக விற்கிற சாதா டயர் புதிதாக இருக்கும். நான் சாதா டயர் பக்கம் நிற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

உப்புவெளி ரிட்டர்ன்:
அந்தப் பாதியை ஒத்துக்கொள்கிறேன். மற்றப் பாதியை இல்லை. என் காரில் ஆல் சீசன்தான் ஓடுகிறது, நான்காவது மாரிக்கும் அதுதான்.

நாலாம்கட்டைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. டோர்ச் பிடித்துக்கொண்டு காருக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். முன் இரண்டும் 0818, பின் இரண்டும் 4117. மாதத்துக்கு ஒருமுறை நூற்றுக்கு மேலே ஓட்டியது இந்த டயரிலா என்று இருக்கிறது. நாளைக்கு நானாவின் கடைக்கு வருகிறேன், சாதா டயர், ஆனால் எண்ணை நான் பார்த்த பிறகுதான். மைத்துனரிடம் எப்படிச் சொல்வது என்பதை யோசிக்க வேண்டும்.

ஸ்பெயார் டயரின் எண் 3114. ஒரு நாளும் ரோட்டில் படாத டயர், தவாளிப்புத் தேயாமல் அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்வது?

கிண்ணியா நானா:
அதற்கும் வயது போய்விட்டது தம்பி, நம்பி ஓட வேண்டாம். கழற்றி வளவில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். மாரியில் தண்ணீர் தேங்கினால் நுளம்பு பார்க்க பி.எச்.ஐ., அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்து வாசலில் நிற்பார். கடைக்கே கொண்டு வாருங்கள்.