'எலும்புத் தேய்மானம்' சரியா? நாளை அச்சுக்குப் போகிறது

அன்புள்ள குழுவினருக்கு,
அக்டோபர் 20 உலக ஆஸ்டியோபோரோசிஸ் நாள். வியாசர்பாடி முகாமுக்கான துண்டறிக்கை நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். இந்த நோய்க்குத் தமிழில் 'எலும்புத் தேய்மானம்' என்று போடலாமா?
– மொழிபெயர்ப்பாளர்

வேண்டாம் அம்மா. மூட்டுத் தேய்மானத்தையும் இதையும் ஒன்றாக நினைத்து, "முட்டி வலிக்கலையே டாக்டர், எனக்கெதுக்கு ஸ்கேன்?" என்கிறார்கள். இது வலிக்காது, வழுக்கி விழுந்து இடுப்போ மணிக்கட்டோ முறிந்த பிறகுதான் தெரியும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. பழைய எலும்பை அரிக்கும் செல்களின் வேகத்துக்குப் புது எலும்பு கட்டும் செல்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. உள்ளே துளைகள் பெரிதாகின்றன. 'எலும்புப்புரை' என்பதே சரி.
– எலும்பு மருத்துவர்

புரை என்றால் உட்டுளை, மிகப் பொருத்தம். 'புரைதீர்ந்த நன்மை' என்னும் குறளில் அதே சொல்லுக்குக் குற்றம் என்று பொருள். ஆனால் 'என்புப்புரை' என்று ஆளுங்கள். 'என்புதோல் போர்த்த உடம்பு' என்ற வள்ளுவர் சொல் இருக்க வேறெதற்கு? மலையாளத்தில் எல்லு, கன்னடத்தில் எலுபு, தெலுங்கில் எமுக; எல்லாம் ஒரே குடும்பம். 'புரைய' தொல்காப்பியத்தில் உவம உருபும்கூட. அதை விரித்துத் தனி மடல் எழுதுகிறேன்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, எங்கள் தெருவில் புரை என்றால் கண்புரைதான். ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொள்வார்கள். 'எலும்பு மெலிவு' போதாதா?
– செவிலியர்

மெலிவு எனக்கு வேறொன்றுக்கு வேண்டும். ஸ்கேனில் எலும்பின் அடர்த்தியைக் காட்டும் எண்ணான டி-ஸ்கோர் −1க்கும் −2.5க்கும் இடையில் இருந்தால் ஆஸ்டியோபீனியா, அதுதான் மெலிவு. −2.5க்கு இறங்கினால் புரை.
– எலும்பு மருத்துவர்

சரி, 'எலும்புப்புரை' என்றே போட்டு, அடியில் 'எலும்பு உள்ளே துளைவிழுந்து வலுவிழத்தல்' என்று சேர்க்கிறேன். கவனம் தேவைப்படுவோர்: 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்தவர்கள், மிகவும் ஒல்லியானவர்கள், சூலகம் எடுத்தவர்கள்.
– மொழிபெயர்ப்பாளர்

அச்சாகட்டும். என்புப்புரையே என் கருத்து, பதிவில் இருக்கட்டும்.
– தமிழாசிரியர்

சினைப்பையைச் 'சூலகம்' என்றால் யாருக்கும் புரியாது அக்கா. "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். கூடவே சினைப்பையையும் எடுத்தார்களா என்பது பலருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து வரச் சொல்லி ஒரு வரி சேருங்கள்.
– செவிலியர்