வந்தவாசியில் தோற்றதால்தான் புதுச்சேரி கைவிட்டுப் போனதா?

கேள்வி: கெடிலக்கரை

தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையில் எஞ்சியிருப்பதை மகளுக்குக் காட்டினேன். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்துத் தகர்த்தார் என்றேன். "அவ்வளவு பலம் உள்ளவர்கள் 1761இல் புதுச்சேரியையே எப்படி விட்டார்கள்?" என்று கேட்டாள். வந்தவாசித் தோல்வி என்று சொல்லிப் பார்த்தேன். அது 1760 ஜனவரி. புதுச்சேரி விழுந்தது அடுத்த ஜனவரியில். நடுவில் ஓராண்டு இருக்கிறதே என்கிறாள். என்ன சொல்வது?

பதில்: முதுநகர் படகுக்காரன்

அம்மா, முப்பது ஆண்டுகள் விசைப்படகு ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மகளைக் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் புதுச்சேரியில் கப்பல் கரையை ஒட்டி நிற்க இடமில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆளையும் பீரங்கியையும் நம்மவர்களின் சலங்குப் படகில் அலை தாண்டி இறக்குவார்கள். ஐப்பசியில் வாடை கிளம்பினால் அதுவும் நடக்காது, கப்பலுக்கு ஒதுங்கவும் இடம் கிடையாது. பழுது பார்க்க ஆங்கிலேயருக்குப் பம்பாயில் உலர்துறை இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மொரீசியசுக்குத்தான் ஓட வேண்டும். மரப்படகைச் சில மாதங்கள் கரையேற்றாமல் விட்டால் அடியில் பாசியும் கொட்டலசும் (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடலுயிர்) அப்பி, எவ்வளவு பாய் விரித்தாலும் நகராது. சுரண்டிச் சுரண்டிக் கை காய்த்தவனுக்கு இது தெரியும்.

பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் தாஷே ஆங்கிலேயரின் போகாக்குடன் மூன்று முறை மோதினார். முதல் மோதல் 1758 ஏப்ரல் 29, நம் கடலூருக்கு எதிரில். கடைசி மோதல் 1759 செப்டம்பரில். அதன்பின் மொரீசியசுக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. லாலி சென்னையை முற்றுகையிட்டபோதும் இதே கதைதான். 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டன. மறுநாள் முற்றுகையைக் கைவிட்டார்.

வந்தவாசிக்குப் பிறகு கரைப்பக்கம் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வளைத்தார், கடலை ஸ்டீவன்சின் கப்பல்கள் அடைத்தன. ஊருக்குள் பசி. 1761 புத்தாண்டுப் புயலில் ஆங்கிலேயக் கப்பல்கள் பல மூழ்கின, சில கரையில் மோதின. அந்த வாரம் ஒரு பிரெஞ்சு அணி வந்து தானியம் இறக்கியிருந்தால்! யாரும் வரவில்லை. தப்பிய கப்பல்கள் சில நாட்களிலேயே திரும்பி வந்து மறுபடி வழியை அடைத்தன. 16ஆம் தேதி ஊர் கைமாறியது.

பதில்: புதுவை வாசகர்

கடற்படை மட்டுமே காரணம் என்பதை நான் ஏற்கவில்லை. லாலியிடம் பணமே இல்லை. சம்பளம் கிடைக்காமல் 1759இல் அவருடைய வீரர்களே கலகம் செய்தார்கள். ஐதராபாத்தில் காலூன்றியிருந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியைத் திருப்பி அழைத்ததும் லாலி செய்த தவறுதான்.

பதில்: முதுநகர் படகுக்காரன்

புஸ்ஸி விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் ஐயா, பணம் எந்த வழியாக வர வேண்டும்? பிளாசிக்குப் பின் வங்காளத்துப் பணம் சென்னைக்குக் கப்பலில் வந்தது. லாலிக்கு அந்த வழி மூடிக் கிடந்தது.

உங்கள் ஊரில் சுஃப்ரேன் வீதி இருக்கிறதே, அந்தப் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் கதையைப் பாருங்கள். 1783 ஜூனில் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டிருந்தார்கள், உள்ளே புஸ்ஸி. சுஃப்ரேனிடம் 15 போர்க்கப்பல்கள், எதிரில் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஹியூசிடம் 18. கப்பலில் ஆள் போதாமல் கோட்டைக்குள்ளிருந்து 1200 பேரை வாங்கி ஏற்றிக்கொண்டு ஜூன் 20 அன்று மோதினார். ஹியூஸ் சென்னைக்கு ஒதுங்கினார். வாங்கிய ஆட்களையும் தம் ஆட்களையும் சேர்த்து சுஃப்ரேன் கரையில் இறக்கியதும், முற்றுகையிட்டவர்கள் திண்டாட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அரிசியும் குண்டும் கொண்டுவந்ததே ஹியூசின் கப்பல்கள்தான். அதற்குள் ஐரோப்பாவில் சமாதானம் என்ற செய்தி வந்து சண்டை நின்றது.

அம்மா, மகளை ஐப்பசி பிறந்ததும் துறைமுகத்துக்கு அழைத்து வாருங்கள். முகத்துவாரத்தில் அலை மறித்து நிற்பதைக் காட்டுகிறேன்.